வாறன் என்று சொன்ன லொறி

2024 மே 15, புதன்கிழமை. காலை ஒன்பது மணி இருபது நிமிடம். வானத்தில் முகில் இல்லை. நான் புறப்படும்போது எங்கள் விறாந்தை வெப்பமானி முப்பத்திரண்டு பாகை காட்டியது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று தொடங்கியிருக்க வேண்டிய காலம், தொடங்கவில்லை. கொழும்புத்துறைக் கரையில் மீன் வாங்கிக்கொண்டு ஓட்டோவில் திரும்பும்போது, ஒரு கராஜின் வளவுக்குள் அந்த லொறியைக் கண்டேன்.

மீனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அரைக் கிலோ விளைமீன், தொள்ளாயிரம் ரூபா. நான் வீடு போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. அதைப் பூனைக்குத்தான் போட வேண்டியிருந்தது. பூனையும் யோசித்துத்தான் தின்றது.

லொறி என்று சொல்ல அதில் அதிகம் மிச்சமில்லை. சில்லுகள் இல்லை. நான்கு பக்கமும் சீமெந்துக் கல் வைத்து நிறுத்தியிருந்தார்கள். பின்பலகை புதிதாக அடித்த பலகை. நான் ஓட்டோவை நிறுத்தச் சொன்னது பின்னால் தொங்கிய இரும்புப் படியைப் பார்த்துத்தான். அது மாங்காய் வடிவப் படி. உலகத்தில் எந்த இராணுவமும் தன் லொறிக்கு மாங்காய் வடிவத்தில் படி வைக்காது. அதை வைத்தது என் தகப்பனார். பட்டு வேட்டி கட்டிய நாதஸ்வர வித்துவான்கள் கால் தடுக்காமல் ஏறுவதற்காக ஊர்க் கொல்லரிடம் சொல்லி அடித்த படி அது.

ஐயா கமக்காரர். அளவெட்டிக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. வெங்காயமும் புகையிலையும் போக, அளவெட்டி மேளச் செட் ஒன்றைக் கோயில் கோயிலாகக் கூட்டிச் செல்லும் வேலையும் அவருக்கு இருந்தது. முதலில் மாட்டு வண்டி. உலக யுத்தம் முடிந்தபின் வெள்ளைக்காரப் படை விட்டுப்போன லொறி ஒன்றைத் திருகோணமலையில் ஏலத்தில் எடுத்தார். எனக்கு நினைவு தெரிந்த நாளில் அது பச்சை நிறம், ஓரங்களில் மஞ்சள். பின்பலகையில் வெள்ளைப் பெயின்றில் மூன்று எழுத்து: வாறன்.

ஊரில் அந்த லொறிக்கு அதுதான் பெயர். 'வாறன் வருது' என்பார்கள். 'வாறன் போட்டுது' என்பார்கள். 'வாறன் வராதாம், சில்லுக் காத்துப் போட்டுதாம்' என்று கோயில் வாசலில் ஒருவர் சொல்ல, நாலு பேர் சிரித்ததை நானே கேட்டிருக்கிறேன். நான் அந்தப் பெயரைப் பார்த்ததெல்லாம் பின்னால் நின்றுதான். லொறி ஒழுங்கை முடக்கில் திரும்பும்வரை வாசல் படலையில் நின்று பார்ப்பேன். புழுதிக்குள் கடைசியாக மறைவது ன் தலையில் இருந்த குற்று.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு கதை இருந்தது. அம்மா அதை நீட்டிச் சொன்னதில்லை. ஒரு திருவிழாவுக்குப் புறப்படும்போது ஐயா கோபத்தில் 'போறன்' என்று சொல்லிவிட்டுப் போனாராம். எங்கள் பக்கத்தில் வீட்டை விட்டு வெளிக்கிடுகிறவர் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. கடைக்கு உப்பு வாங்கப் போனாலும் 'போட்டு வாறன்', அதாவது போய்விட்டு வருகிறேன், என்றுதான் சொல்ல வேண்டும். வெறும் 'போறன்' என்றால் திரும்பி வராத போக்கு. அதற்குப் பிறகுதான் ஐயா லொறியில் 'வாறன்' என்று எழுதினாராம். "அது எனக்கு எழுதினது" என்று அம்மா முடிப்பா. அவ்வளவுதான்.

ஐயா அம்மாவிடம் ஒரு அன்பான சொல் சொல்லி அக்காவும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. நாங்கள் இரண்டு பேர்தான் பிள்ளைகள். அந்த மூன்று எழுத்தை விட்டால் எங்களிடம் வேறு சாட்சி கிடையாது.

கராஜுக்குள் லொறியின் புதுச் சொந்தக்காரர் நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சுவிஸிலிருந்து திரும்பி வந்து விடுதி கட்டுகிறவர். விடுதி வாசலில் நிறுத்தத்தான் இந்த லொறி. ஐயா அதை விற்ற பிறகு கொழும்புத்துறையில் ஐஸ் ஏற்றியதாம். பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் ஒரு கொட்டிலுக்குள் கிடந்ததாம்; அதற்குள் கோழிகள் அடைகாத்தனவாம்.

"இதின்ரை பேர் தெரியுமோ தம்பி?" என்று கேட்டேன்.

"தெரியும் ஐயா. வாரன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "உமக்கு ஆர் சொன்னது?"

"லொறியே சொல்லுது. வந்து பாருங்கோ."

முன்பக்கம் கூட்டிச் சென்றார். எஞ்சின் மூடியின் பக்கத்தில் பழைய பெயின்றைச் சுரண்டியிருந்தார்கள். பச்சைக்கு அடியில் இராணுவ நிறம்; அதன் மேல் வெள்ளையில் ஆறு ஆங்கில எழுத்துகள். டபிள்யூ, ஏ, ஆர், இன்னொரு ஆர், ஈ, என். நான் அரசாங்கத்தில் முப்பத்தொரு வருடம் படவரைஞராக இருந்தவன். வரைபடங்களில் ஊர்ப் பெயர் எழுதுவதே என் சோறு. அந்த எழுத்துகளைத் தகடு வெட்டி அடிக்கவில்லை, தூரிகையால் எழுதியிருந்தார்கள். ஈ மற்றவற்றை விடக் கால் அங்குலம் உயரம்.

"ஒரு வெள்ளைக்காரச் சோல்ஜரின்ரை பேர்" என்றார் அவர். "இல்லாட்டி அவன்ரை ஊரோ, நாயோ. ஆரோ ஒரு வாரன்."

"வாரன் இல்லைத் தம்பி. வாறன்."

"அதைத்தானே நானும் சொல்லுறன்?"

"நீர் சொல்லுறது இடையின ர. நான் சொல்லுறது வல்லின ற."

"எனக்கு ரெண்டும் ஒண்டாத்தான் கேக்குது ஐயா."

"சுவிஸிலை இருந்தால் அப்பிடித்தான் கேக்கும்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் எனக்கு அந்த இடத்திலேயே விஷயம் விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டதாக நினைத்தேன்.

"இது எங்கடை சொல்லை இங்கிலீசிலை எழுதினது" என்றேன். "அந்தக் காலத்திலை லொறிக்கு இங்கிலீசிலை பேர் எழுதுறதுதான் மதிப்பு. ஏன் ரெண்டு ஆர் போட்டிருக்கு, சொல்லும் பாப்பம்? வல்லின ற எண்டபடியால்! ஒரு ஆர் போட்டால் உம்மைப்போலை ஆக்கள் வாரன் எண்டு வாசிப்பினம் எண்டுதான் ரெண்டு ஆர்."

அவர் குனிந்து அந்த இரண்டு ஆரையும் பார்த்தார். கொஞ்சம் அசைந்துவிட்டார் என்றுதான் எனக்குப் பட்டது.

"எனக்குப் பிரச்சினை இல்லை ஐயா. ஆனால் ஒண்டு. லொறியிலை ஒரு பேர்தான் இருக்கும். அது உங்கடை ஐயா வைச்ச பேரெண்டால் தமிழிலையே வடிவா எழுதுறன். வெள்ளைக்காரன்ரை பேரெண்டால் இப்பிடியே இங்கிலீசிலை விடுவன். ஆரையும் விசாரிச்சுக்கொண்டு வாங்கோ. அடுத்த கிழமை பெயின்ற்."

அன்று பின்னேரமே கனடாவில் இருக்கும் அக்காவுக்குப் போன் எடுத்தேன். அக்காவுக்கு எண்பத்து நாலு. என்னைவிட ஐந்து வயது மூத்தவ. லொறி அகப்பட்டது என்றதும் அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"பேர் கிடக்கோடா?"

"இங்கிலீசிலை கிடக்கு. ரெண்டு ஆர் போட்டு."

"ரெண்டு ஆரோ? அது ஐயாதான். ஐயா எல்லாத்திலையும் கறார்."

"வெள்ளைக்காரன்ரை பேரெண்டு லொறிக்காரத் தம்பி சொல்லுது."

"விசரே அந்தத் தம்பிக்கு? அது அம்மாவுக்கு எழுதினது." பிறகு வேறு குரலில் கேட்டா: "அப்பிடி இல்லையெண்டால் அம்மா அத்தனை வருசமும் ஆற்றையோ பேரைப் பாத்துச் சந்தோசப்பட்டவவோ?"



"தாளம் போட்ட அண்ணை இருக்கிறாரோ?" என்று அக்காவே கேட்டா. "அவரைப் போய்க் கேள். செட்டிலை கடைசியா மிஞ்சினது அவர்தான். பேரைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. தமிழிலை."

பத்தொன்பதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, அளவெட்டிக்குப் போனேன். என்னைக் கூட்டிப்போன ஓட்டோக்காரப் பொடியன் குழி பார்த்து ஓட்டத் தெரியாதவன். என் இடுப்பு இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

தாளம் போட்ட அண்ணை பன்னிரண்டு வயதில் அந்தச் செட்டில் சேர்ந்தவர். இப்போது எண்பத்தொன்பது. பல் ஒன்றும் இல்லை. சின்ன உரலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். இன்னாரின் மகன் என்று சொன்னதும் உலக்கையை வைத்துவிட்டு என் முகத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு ஆரையும் சொன்னேன்.

அவர் சிரிக்கத் தொடங்கினார். வெற்றிலைச் சாறு நெஞ்சில் வடிந்தது.

"தம்பி, அந்தப் பேர் திருகோணமலையிலையே கிடந்தது. ஏலத்துக்கு விட்ட வளவிலை நிரையா லொறியள். உம்மடை கொப்பருக்கு இங்கிலீசு எழுத்துக் கூட்டத்தான் தெரியும், அர்த்தம் தெரியாது. ஒவ்வொரு லொறியா நம்பர் வாசிச்சுக்கொண்டு வந்தவர், இதுக்கு முன்னாலை நிண்டிட்டார். எழுத்துக் கூட்டிறார்: வா... ற... ன். வாறன். எங்களைத் திரும்பிப் பாக்கிறார். 'அது வாறன் எண்டு சொல்லுது. விட்டிட்டுப் போகேலுமே?' எண்டார். பக்கத்திலை கிடந்தது இதிலும் நல்ல லொறி. அதை விட்டிட்டு இதை எடுத்தவர்."

"அப்ப, வெள்ளைக்காரன் எழுதினது."

"வெள்ளைக்காரன் எழுதினது. கொப்பர் வாசிச்சது."

"பிறகு ஏன் பச்சை அடிச்சவை?"

"சாமிக்கு மேளம் வாசிக்கப் போற லொறி பட்டாள நிறத்திலை கோயிலுக்கு வரக்கூடாதெண்டு ஒரு கோயில்காரர் சண்டை. அதோடை முன்பக்கத்துப் பேரும் பச்சைக்குள்ளை போட்டுது."

இரண்டு ஆர் பற்றி நான் கட்டிய கோட்டை அந்த முற்றத்திலேயே இடிந்துவிட்டது. என் கோட்டை போனால் போகட்டும். என் கண்ணில் நின்றது அம்மாவின் முகம்தான். லொறி திரும்பி வரும் சத்தம் கேட்டால் அவ அடுப்பை விட்டு எழுந்து வந்து, எதையோ கொட்ட வந்ததுபோல முற்றத்தில் நிற்பா. அக்காவுக்கு என்ன சொல்வது? கொண்டுபோன வாழைப்பழத்தையும் பிஸ்கட்டையும் அண்ணையின் பக்கத்தில் வைத்தேன். மனம் எங்கேயோ இருந்தது. எழுந்தேன்.

"அப்ப நான் போறன் அண்ணை" என்றேன்.

அவர் மறுபடி எடுத்திருந்த உலக்கை உரலில் 'டங்' என்று விழுந்தது.

"என்ன சொன்னனீர்?"

எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. எழுபத்தொன்பது வருடத்தில் ஒரு வீட்டு வாசலில் நான் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"இரும். குந்தும் உதிலை. எண்பத்தொன்பது வயசுக்காரனிட்டை வந்து சொல்லுற சொல்லே உது? நான் போறதுக்கு ஆயத்தமா இருக்கிறன், நீர் முந்தப் பாக்கிறீர்!" கோபமும் சிரிப்புமாக இருந்தார். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். "உம்மடை கொப்பரும் ஒருநாள் உப்பிடித்தான் சொல்லிப்போட்டு வந்தவர்."

நான் மறுபடியும் குந்தினேன்.

"நெல்லியடிப் பக்கம் ஒரு திருவிழா. வீட்டிலை ஏதோ கொழுவல். லொறியிலை ஏறினவர் ஒரு கதை இல்லை. தவில்காரர் பகிடி விட்டும் சிரிக்கேல்லை. சுன்னாகச் சந்தியிலை லொறியை நிப்பாட்டினார். 'நான் போறன் எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்' எண்டார். எங்களுக்கும் திக்கெண்டுது. இறங்கிப் பின்னுக்கு வந்தார். எங்கடை வெத்திலைத் தட்டத்திலை கிடந்த சுண்ணாம்பைத் தண்ணி விட்டுக் கரைச்சார். விரலாலை பின்பலகையிலை பெரிசா எழுதினார், வாறன் எண்டு. தமிழிலை. தவில்காரர் கேட்டார், 'என்ன இது, முன்னுக்கும் வாறன், பின்னுக்கும் வாறனோ?' எண்டு. கொப்பர் சொன்னார், 'முன்னுக்குக் கிடக்கிறது லொறி சொல்லுறது. இது நான் சொல்லுறது.'"

"பேந்து?"

"பேந்தென்ன? லொறியைத் திருப்பினார். உங்கடை வீட்டடிக்கே திரும்பி வந்தம். மனுசன் இறங்கேல்லை. வாய் திறக்கேல்லை. லொறியைப் பின்பக்கமா எடுத்து, பலகையைப் படலைக்கு நேரை காட்டினார். ஒருக்கால் ஹோன் அடிச்சார். வெளிக்கிட்டார். நெல்லியடியிலை எங்களுக்கு நல்ல பேச்சு. பூசை முடியிற நேரம்தான் போய்ச் சேந்தம். பச்சை அடிச்ச அண்டைக்கு, சுண்ணாம்பு எழுதின அதே இடத்திலை தானே வெள்ளைப் பெயின்றாலை எழுதினவர்."

 நான் எழுந்து, வார்த்தையைச் சரியாகக் கவனித்து, "போட்டு வாறன் அண்ணை" என்றேன்.

"ஓம். அப்பிடிச் சொல்லிப்போட்டுப் போம்."

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு வேறொரு கவலை. அவர் என் முகம் வாடியதைப் பார்த்து, மனமிரங்கிக் கட்டிச் சொல்லிவிட்டாரோ? வயதானவர்கள் அப்படிச் செய்வார்கள். நானே செய்திருக்கிறேன். அதனால் அக்காவிடம் முழுவதையும் சொல்லாமல் முதலில் கேள்வியாகக் கேட்டேன்.

"அக்கா, ஐயா திருவிழாவுக்குப் போன லொறி ஒருநாள் பாதி வழியிலை திரும்பி வந்ததோ?"

"வந்தது. எனக்கு எட்டு வயசு. நீ இடுப்பிலை. ஐயா எதையோ மறந்திட்டுப் போட்டார் எண்டு நான் ஓடினன். லொறி குண்டியைக் காட்டிக்கொண்டு நிக்குது. ஆரும் இறங்கேல்லை. ஹோன் அடிச்சுப்போட்டுப் போட்டுது. ஏன் கேக்கிறாய்?"

"அம்மா?"

"அம்மா சிரிச்சவ. ஏனெண்டு கேட்டன். 'போய்ப் படி' எண்டு கலைச்சுவிட்டா."

அதற்குப் பிறகுதான் மற்றதைச் சொன்னேன். முன்பக்கத்துப் பெயர் வெள்ளைக்காரனுடையது என்பதையும் ஒளிக்கவில்லை.   

"அவனும் வாறன் எண்டுதான் எழுதிப்போட்டுப் போயிருக்கிறான், பாவம்" என்றா அக்கா. "வந்தது ஐயாதான்."

அடுத்த நாள் கராஜுக்குப் போய், நான் சொன்ன இரண்டு ஆர் நியாயம் பிழை என்று ஒப்புக்கொண்டேன். அது சுலபமாக இருக்கவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு அந்தத் தம்பி லொறியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"லொறியிலை ஒரு பேர்தான் எண்டு சொன்னனான், என்ன?"

"சொன்னனீர்."

"எனக்கு ரெண்டும் ஒரு பேராத்தானே ஐயா கேக்குது? உங்களுக்குத்தானே ரெண்டு. அப்ப முன்னுக்கு அது கிடக்கட்டும். பின்பலகை உங்கடை. எழுத்துக்காரர் நெல்லியடியிலை இருந்து வாறார். அவற்றை கூலியும் உங்கடை."

எழுத்துக்காரர் வெள்ளிக்கிழமை வந்தார். நான் மூன்று எழுத்தையும் முதலே கடதாசியில் வரைந்து, அளவு குறித்து வைத்திருந்தேன். ற இரண்டு வளைவும் ஒரே அகலம். கால் கீழே இறங்கும் இடத்தில் தடிப்பு. ஐயா சுண்ணாம்பில் விரலால் எழுதியது அப்படித்தான் இருந்திருக்கும் என்று என் கணக்கு.

அவர் கடதாசியைப் பார்த்துத் தயங்கினார். "பிழையில்லையோ ஐயா? வருகிறேன் எண்டெல்லோ எழுதவேணும்?"

"வருகிறேன் எண்டு எழுதினால் எங்கடை அம்மாவுக்கு விளங்காது" என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

எழுதி முடிந்தபின் கூலிப் பேச்சில்தான் தகராறு வந்தது. ஒரு எழுத்துக்கு ஆயிரத்து எழுநூற்றைம்பது என்று பேசியது. மூன்று எழுத்துக்குக் காசு எண்ணி நீட்டினேன். நாலு என்றார். வா வில் இருக்கும் கால், எங்கள் பேச்சில் அரவு, தனி எழுத்தாம். குற்றை இனாமாக விட்டிருக்கிறாராம். இலக்கணத்தில் உயிர்மெய் ஒரே எழுத்து என்று அரை மணித்தியாலம் விளக்கினேன். "இலக்கணத்திலை ஒண்டு ஐயா, பெயின்றிலை ரெண்டு" என்றார். கொடுத்தேன்.

வெயில் சாயமுன் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் குரலில் பதில் வந்தது. வழக்கமாக 'சரி, வைக்கிறன்' என்று முடிக்கிறவ. அன்று, "சரி, வாறன்" என்று முடித்தா.

ஓட்டோக்காரர் அவசரப்படுத்தினார். லொறியின் பின்னால்தான் நின்றேன்; பிறகு ஓட்டோவில் ஏறினேன். சில்லு இல்லாத லொறி எங்கும் போகாது என்று தெரிந்தும், ஒழுங்கை முடக்கு வரும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன். இந்த முறை லொறி நின்றது, போனது நான்.

எழுத்துக்கூலி ஏழாயிரம். அளவெட்டிக்குப் போய்வர, காத்து நின்றதோடு, மூவாயிரத்து எண்ணூறு. கராஜுக்குப் போய்வந்தவை எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து நானூறு. வாழைப்பழமும் பிஸ்கட்டும் ஆயிரத்து நூற்றைம்பது. போனுக்கு இருநூற்றைம்பது. பழுதாய்ப்போன மீன் தொள்ளாயிரம். ஐயாவுக்குச் செலவானது ஒரு விரல் சுண்ணாம்பு. எனக்கு, அந்த அரவையும் சேர்த்து, பதினையாயிரத்து ஐந்நூறு ரூபா.